இறக்குமதிப் பொருளின் சுங்க மதிப்பு: கேள்வி பதில்

சென்னையில் பல ஆண்டுகளாகச் சுங்கத் தரகராகப் பணிபுரிகிறேன். சுங்கத் தீர்வை (இறக்குமதி வரி) எந்த மதிப்பின் மேல் கணக்கிடப்படும் என்பது பற்றி, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவையும் 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளையும் ஒட்டிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

விமானத்தில் வந்த உதிரிபாகங்களின் எஃப்.ஓ.பி. விலை (அனுப்பும் நாட்டில் சரக்கை ஏற்றும் வரையிலான விலை) 10,000 டாலர். விமானக் கட்டணம் 4,500 டாலர். முழுத் தொகைக்கும் தீர்வை உண்டா? (கோவை)

இல்லை. விமானத்தில் வரும் சரக்குக்கு, கட்டணம் எவ்வளவு ஆகியிருந்தாலும், எஃப்.ஓ.பி. விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று 10ஆம் விதி கூறுகிறது. ஆகவே 4,500 டாலருக்குப் பதில் 2,000 டாலரே சேரும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் எஃப்.ஓ.பி. விலையில் 1.125 சதவீதம், அதாவது 112.50 டாலர். மொத்தம் 12,112.50 டாலர். கப்பல் சரக்குக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. கட்டணம் தெரிந்தால் உள்ளபடியே சேரும், தெரியாவிட்டால்தான் 20 சதவீதம்.

இறக்குக்கூலி என்று 1 சதவீதம் சேர்க்க வேண்டுமா? (சேலம்)

வேண்டாம். 2017 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டதோடு அது நீங்கிவிட்டது.

பம்புக்கான பிளாஸ்டிக் பாகங்களைச் சீனாவில் செய்து வாங்குகிறோம். அச்சை (மோல்டு) வேறொரு பட்டறையில் 12 லட்சம் ரூபாய்க்குச் செய்து, உற்பத்தியாளருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறோம். இன்வாய்ஸில் பாகத்தின் விலை மட்டுமே இருக்கிறது. இது சரியா? (கோவை)

சரியில்லை. இதைத் தாங்களே கேட்டது நல்லது. வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்கும் அச்சு, மூலப்பொருள், கருவி ஆகியவற்றின் மதிப்பு, இன்வாய்ஸ் விலையில் அடங்கியிராத அளவுக்கு, 10ஆம் விதிப்படி பொருளின் விலையோடு சேர வேண்டும். அந்த அச்சிலிருந்து ஒரு லட்சம் பாகங்கள் வரும் என்று ஒப்பந்தமும் உற்பத்தித் திட்டமும் காட்டினால், பாகம் ஒன்றுக்கு 12 ரூபாய் என்று பங்கிட்டுச் சேர்க்கலாம். அல்லது முதல் சரக்கிலேயே முழுத் தொகையையும் சேர்த்துத் தீர்வையைக் கட்டிவிடலாம். வடிவமைப்பு வரைபடங்களில் ஒரு வேறுபாடு உண்டு: தங்கள் பொறியாளர்கள் இந்தியாவிலேயே வரைந்தவை சேரா; வெளிநாட்டில் வரைந்து வாங்கியவை சேரும்.

எல்லோருக்கும் நான் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: இன்வாய்ஸுக்கு வெளியே விற்பவருக்காகச் செல்லும் பணம் வங்கி ஏட்டில் பதிந்துகொண்டே இருக்கிறது. மறைத்ததாகக் கருதப்பட்டால், விடுபட்ட தீர்வையைக் கோருவதற்கான வழக்கமான இரண்டு ஆண்டு வரம்பு ஐந்தாண்டாக நீளும். தீர்வைக்குச் சமமான அபராதமும் வரும்.

விற்பவர் இலவசமாக அனுப்பிய மாதிரிக்கு மதிப்பு சுழியம்தானே? (ஈரோடு)

அல்ல. விற்பனையே இல்லாததால் பரிவர்த்தனை விலை இல்லை. 4ஆம் விதியிலிருந்து வரிசையாகச் சென்று, அதே பொருள் அல்லது அதைப் போன்ற பொருள் வந்த விலையைப் பார்க்க வேண்டும்.

டாலர் மதிப்பு எந்த நாளுக்கு உரியது? இறக்குக்கூலி 1 சதவீதமும் உண்டா? (கரூர்)

பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்யும் நாளில் நடப்பிலுள்ள, சுங்கத்துக்கென அறிவிக்கப்பட்ட மாற்று விகிதம். பணம் அனுப்பிய நாளுடையது அன்று. இரண்டாவது கேள்விக்கு மேலே சேலத்து நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எங்கள் பொருளின் எச்.எஸ். குறியீடு (சுங்க வகைப்பாட்டு எண்) எது? (மதுரை)

அது வகைப்பாடு; மதிப்பீடு அன்று. பொருளின் தொழில்நுட்பக் குறிப்போடு தங்கள் தரகரைக் கேளுங்கள்.

பழைய இருப்பு என்பதால் விற்பவர் பெரிய தள்ளுபடி தந்தார். மற்றவர்கள் அதிக விலைக்கு இறக்கியிருப்பதாகக் கூறி அதிகாரி மதிப்பை ஏற்றுகிறார். சம்மதக் கடிதமும் கேட்கிறார். கொடுக்கலாமா? (தூத்துக்குடி)

கொடுக்காதீர்கள். தள்ளுபடி பெரிது என்பது மட்டுமே விலையை நிராகரிக்கக் காரணமாகாது. 2000ஆம் ஆண்டு ஐஷர் டிராக்டர்ஸ் வழக்கில், பழைய இருப்பான பேரிங்குகளுக்குக் கிடைத்த 77 சதவீதத் தள்ளுபடியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019இல் செஞ்சுரி மெட்டல் ரீசைக்கிளிங் வழக்கிலும், நியாயமான காரணம் இல்லாமல் 12ஆம் விதிப்படி சந்தேகம் எழுப்ப முடியாது என்று கூறியது.

(திருப்பூர் நண்பர் ஒருவரின் மறுப்பு) தரகர்கள் இப்படிச் சொல்லலாம். கண்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளும் கப்பல் கம்பெனிக்கும் சரக்கு முனையத்துக்கும் வாடகை கட்டுபவர் நாங்கள். கையெழுத்திட்டு எடுத்துவிடுவதே மலிவு.

அந்த ஒரு சரக்குக்கு மலிவாக இருக்கலாம். ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. 17(5) பிரிவின்படி, மறுமதிப்பீட்டை எழுத்தில் ஏற்காதவருக்கே 15 நாட்களுக்குள் காரணம் கூறும் உத்தரவு கிடைக்கும். தங்கள் கடிதம் அந்த உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுப்பது. என்னிடம் வந்த ஓர் இறக்குமதியாளர், அவசரத்தில், முனையத்தின் வாசலில் லாரி பானட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். அடுத்த மூன்று சரக்குகளிலும், 'போன முறை நீங்களே ஏற்ற விலை' என்று அதே தாளின் நகலை அவர் முன் வைத்தார்கள்.

சரக்கை நிறுத்தி வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏற்றிய தீர்வையை எதிர்ப்புடன் (ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்து) கட்டிச் சரக்கை எடுத்துக்கொண்டு உத்தரவு கேட்கலாம். 18ஆம் பிரிவின்படி பத்திரம் கொடுத்துத் தற்காலிக மதிப்பீடு கோரலாம். 49ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று 30 நாள் வரை கிடங்கில் வைத்து, காலிக் கண்டெய்னரைத் திருப்பிவிடலாம். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான், இனி அந்தப் பொருளை வாங்கவே போவதில்லை என்றால் தங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். மாதந்தோறும் அதே பொருளை இறக்குபவர் ஒப்புக்கொள்ளவே கூடாது.

இறக்குக்கூலி 1 சதவீதம் குறித்து… (ஓசூர்)

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: இல்லை.

அப்படியானால் கடிதத்தில் நான் என்ன எழுதுவது? (தூத்துக்குடி)

'மறுமதிப்பீட்டை ஏற்கவில்லை. தீர்வையை எதிர்ப்புடன் செலுத்துகிறேன். 17(5) பிரிவின்படி காரணம் கூறும் உத்தரவு வேண்டும்.' இம்மூன்று வாக்கியங்கள் போதும். தள்ளுபடியைக் குறிப்பிடும் விற்பவரின் மின்னஞ்சல், ஒப்பந்தம், வங்கியில் பணம் அனுப்பிய சான்று ஆகியவற்றை இணைத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடுகள்) மேல்முறையீடு செய்யலாம்.