புல்வெட்டும் மெஷின்: எத்தனை வாட்ஸ், எந்த வயர்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 1,000 சதுர அடி புல்தரை. பிளக் பாயின்ட் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. வயர் உள்ள புல்வெட்டும் மெஷின் சரிப்படுமா? – வாசகி, கோவை

பதில்: தாராளமாக வாங்குங்கள். 1,200 முதல் 1,400 வாட்ஸ், வெட்டும் அகலம் 32 செ.மீ. இருந்தால் போதும். அகலம் கூடினால் செடி ஓரங்களில் திருப்புவது சிரமம். உயரத்தை மாற்றும் லீவர் அவசியம் வேண்டும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் தரை மஞ்சளாகிவிடும்.

மெஷினைவிட வயரில்தான் கவனம் வேண்டும். 1,400 வாட்ஸ் மோட்டார் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் அதிகம். அதனால் 16 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷனுக்கு 1.5 சதுர மி.மீ. காப்பர், மூன்று கோர் வயர் வாங்குங்கள். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறிச் சூடாகும். சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடு வெளியேறாமல் வயரின் மேலுறை உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பிளக் பக்கமிருந்து ஆரம்பித்து, வெட்டிய பக்கமே வயர் கிடக்கும்படி தள்ளிப் போங்கள். பனி காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரப்புல் அடியில் அப்பிக்கொள்ளும், ஷாக் ஆபத்தும் உண்டு. அடைப்பை எடுக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். புல்லின் நுனி கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடைச் சாணை பிடிக்க வேண்டும்.