மறையாத சூரியனும் மறைத்த தோட்டாவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்சோம்னியா’ எனக்கு மிகவும் பிடித்த படம். அது ஒரு நார்வே படத்தின் மறு ஆக்கம் என்று இப்போதுதான் தெரிந்தது. அல் பசினோவைப் பார்த்த பிறகு பழைய படத்தைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் பாருங்கள். 1997-ல் எரிக் ஷோல்ட்பியார்க் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. நோலனுடையது 2002. இரண்டின் முடிவையும் இங்கே சொல்லப்போகிறேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை இரண்டிலும் ஒன்றுதான். சூரியன் மறையாத கோடைக்காலத்தில் ஒரு வடக்கத்திய ஊர். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற துப்பறிவாளன் ஒருவன் வருகிறான். கொலையாளியை மூடுபனிக்குள் துரத்தும்போது கூட வந்த சக அதிகாரியைச் சுட்டுவிடுகிறான். பழியைக் கொலையாளியின் தலையில் போடுகிறான். ஆனால் அந்தக் கொலையாளி அதை நேரில் பார்த்துவிட்டான்.

இனி வேறுபாடு. நார்வே படத்தின் யோனாஸ் எங்ஸ்ட்ரோம் (ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட்) ஸ்வீடன்காரன். அந்தக் காலத்தில் நார்வே போலீஸார் வழக்கமாகத் துப்பாக்கியோடு நடமாடியதில்லை. இவனோ ஸ்வீடனில் வைத்திருந்த துப்பாக்கியைக் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறான். சுட்டது பனியில் நேர்ந்த தவறு. செத்தவனோடு அவனுக்கு எந்தப் பகையும் இல்லை. உண்மையை உடனே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவமானத்துக்குப் பயந்து ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் என்று போகிறது.

நோலன் படத்தில் பசினோ நடிக்கும் வில் டார்மருக்குப் பின்கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் அவன்மீது துறை விசாரணை நடக்கிறது. சிறுவனைக் கொன்ற ஒருவனைத் தண்டிக்க அவன் பொய்த் தடயம் வைத்தவன். அந்த விசாரணையில் அவனுக்கு எதிராகப் பேசப்போவதாகக் கூட வந்த சக அதிகாரி ஹாப் சொன்ன மறுநாளே பனியில் ஹாப் சாகிறான். கைதவறிச் சுட்டானா, மனம் சுட்டதா என்ற கேள்வி படம் முழுக்கக் கூடவே வருகிறது. கடைசியில் டார்மருக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. நோலன் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேர்ப்பு இது. இதற்காக ஹிலரி செய்ட்ஸின் திரைக்கதையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே சேர்ப்புதான் டார்மரைக் காப்பாற்றவும் செய்கிறது. அவன் செய்த தவறுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் கொலை இருக்கிறது. அதனால் நாம் அவன்மேல் இரக்கப்படுகிறோம். எங்ஸ்ட்ரோமுக்கு அந்த ஆதரவு கிடையாது. ஸ்வீடனில் ஒரு வழக்கின் சாட்சியோடு தவறான உறவு வைத்து மாட்டிக்கொண்டவன் அவன். செத்த பெண்ணின் தோழியை விசாரிக்கக் காரில் கூட்டிப்போகும்போது அவள்மேல் கை வைக்கிறான். விடுதி வரவேற்பாளரிடமும் அத்துமீறுகிறான். பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசியது. அந்தக் கார்க் காட்சி நோலன் படத்தில் லாரிக்கு எதிரே வண்டியை விட்டு அந்தப் பெண்ணை மிரட்டுவதாக மாறியிருக்கிறது. அது முரட்டுத்தனம்தான், ஆனால் அருவருப்பு இல்லை.

நாயின் காட்சியையும் பாருங்கள். தடயத்தை மாற்ற இரண்டு படத்திலும் துப்பறிவாளனுக்கு ஒரு தோட்டா வேண்டும், அது ஏதாவது உடம்புக்குள் புகுந்து வெளியே எடுத்ததாக இருக்க வேண்டும். எங்ஸ்ட்ரோம் தெருவில் உயிரோடு நிற்கும் நாயைச் சுடுகிறான். டார்மர் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாயைச் சுடுகிறான். இரண்டு படங்களும் தங்கள் நாயகனை எங்கே வைக்கின்றன என்பது இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். பெரிய நட்சத்திரம் கண்ணெதிரே ஒரு நாயைக் கொன்றால் அதன் பிறகு நாம் அவன் பக்கம் நிற்க மாட்டோம். ஷோல்ட்பியார்க் நாம் அவன் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. 1997 படம் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

கேள்வி: அமெரிக்க மறு ஆக்கங்கள் எப்போதும் முடிவை மாற்றிவிடுகின்றனவே, ஏன்?

பதில்: எப்போதும் இல்லை, ஆனால் அடிக்கடி. ‘இன்சோம்னியா’விலேயே பாருங்கள். நார்வே படத்தில் கொலையாளி ஹோல்ட் துறைமுகத்து மரக்கட்டடத்தில் பலகை உடைந்து தண்ணீரில் விழுந்து சாகிறான். உள்ளூர் அதிகாரி ஹில்டே, பனியில் கண்டெடுத்த தோட்டா உறையை எங்ஸ்ட்ரோம் முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் காரில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகிறான். நோலன் படத்தில் டார்மரும் கொலையாளியும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். அங்கே உள்ளூர் அதிகாரியான எல்லி அந்த உறையைத் தூக்கி எறியப்போகிறாள், சாகக் கிடக்கும் டார்மர் அவளைத் தடுக்கிறான். செய்ததற்கு உயிரைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கிறான்.

2002-ல் வந்த ஹாங்காங் படம் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’. போலீஸுக்குள் ஒளிந்திருக்கும் கும்பல் ஆளாக ஆண்டி லாவ். அவன் பிழைத்துக்கொள்கிறான், தன் பொய்யோடு வாழ்வதே அவனுக்குத் தண்டனை. 2006-ல் ஸ்கோர்செஸி எடுத்த அதன் மறு ஆக்கமான ‘தி டிபார்டட்’ படத்தில் அதே பாத்திரம் தன் வீட்டுக்குள் நுழையும்போதே சுடப்படுகிறான். ஆனால் இதை அமெரிக்காவின் பலவீனம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்த ஹாங்காங் படம் சீன நிலப்பகுதிக்குப் போனபோது, அங்கும் குற்றவாளி கைதாவதாக வேறு முடிவு வைத்தார்கள். குற்றவாளி தப்பிப்பதைத் தாங்க முடியாதவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள்.

என்னால் மன்னிக்க முடியாதது ‘ஸ்போர்லோஸ்’ விஷயம். ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-ல் எடுத்த டச்சுப் படம். பெட்ரோல் நிலையம் ஒன்றில் காணாமல்போன காதலிக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தவிக்கும் நாயகன், அதைத் தெரிந்துகொள்ளக் கொடுக்கும் விலை உயிரோடு புதைக்கப்படுவது. கொலையாளி தன் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கிறான். 1993-ல் அதே ஸ்லூய்சரே ஹாலிவுட்டில் இதைத் திரும்ப எடுத்தார். அதில் நாயகன் மீட்கப்படுகிறான், கொலையாளி சாகிறான். முதல் படத்தை எடுத்தவரே அதை இப்படிக் குலைத்ததைப் பார்க்க வேதனையாக இருந்தது.

கேள்வி: கதை நடக்கும் ஊர்களில் நிஜமாகவே இரவில் சூரியன் தெரியுமா?

பதில்: பழைய படம் நடக்கும் நார்வேயின் ட்ரோம்சோவில் தெரியும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, ஏறக்குறைய 69.6 டிகிரியில் இருக்கும் நகரம் அது. மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறையாது. நோலன் படம் நடக்கும் நைட்மியூட் என்ற பெயரில் அலாஸ்காவில் ஒரு சிற்றூர் உண்டு, ஆனால் அது 60 டிகிரியை ஒட்டி, வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கோடையில் இரவு குறுகலாகத்தான் இருக்கும், ஆனால் சூரியன் மறையும். நோலன் படத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. விடுதி அறையில் வெளிச்சம் தாங்கவில்லை என்று டார்மர் தவிக்கும்போது, வரவேற்பாளர் பெண் அறை இருட்டாகத்தான் இருக்கிறது என்று சொல்லி விளக்கைப் போடும் காட்சி ஒன்று உண்டு. அது பழைய படத்தோடு சேர்த்து வைக்கத் தகுந்தது. பழைய படத்தில் ட்ரோம்சோவின் வெளிச்சத்துக்கு இசையமைத்தவர் அந்த ஊர்க்காரரான கெய்ர் யென்சன். பயோஸ்ஃபியர் என்ற பெயரில் இசைத்தொகுப்புகள் வெளியிடுபவர். அந்தக் குளிர்ந்த ஒலியை ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ராபின் வில்லியம்ஸ் பற்றி ஒரு வார்த்தை?

பதில்: கொலையாளி விஷயத்தில் மறு ஆக்கம் முந்திக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டிலும் அவன் குற்றக் கதை எழுதும் எழுத்தாளன்தான். ஆனால் ஹோல்ட் நம்மிடமிருந்து தள்ளியே நிற்கிறான். வில்லியம்ஸின் வால்டர் ஃபின்ச் நள்ளிரவில் தொலைபேசியில் கூப்பிடுகிறான், படகில் பக்கத்தில் வந்து நின்று மென்மையாகப் பேசுகிறான், நீயும் நானும் ஒன்று என்கிறான். டார்மரின் தூக்கமில்லாத முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறான், டார்மரால் மறுக்க முடியவில்லை. சிரிக்க வைத்தே நமக்குப் பழகிய முகம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல் அதைச் செய்கிறது. நார்வே படத்தைப் பார்த்த பிறகு அந்தப் படகுக் காட்சிக்காகவே நோலனிடம் திரும்பிப் போகிறேன்.