கூண்டு கழுவுகிற வேலை

அன்புள்ள ஐயா,

கல்லூரியின் சமூக சேவைத் திட்டத்துக்காக ஒரு விலங்குகள் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தேன். 40 மணி நேரம் முடிக்க வேண்டும். 12 மணி நேரம் ஆகிவிட்டது. இதுவரை ஒரு நாயைக்கூடத் தொட விடவில்லை. போனதும் வாளியையும் பிரஷையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கூண்டு கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது, பழைய துணிகளை அலசுவது, இதுதான் வேலை. நான் நாய்களோடு பழகத்தான் போனேன். மூலைக் கூண்டில் ஒரு செவலை நாய் இருக்கிறது. நான் போனாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மனிதர்களே கஷ்டப்படும்போது நாய்க்கு எதற்கு இவ்வளவு என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள். இது சேவைதானா? மிச்ச நேரத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ப்ளீச் வாடை வந்தால் எனக்கு இன்றைக்கும் ஏழு நாய்க்குட்டிகள் ஞாபகத்துக்கு வரும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நண்பர்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கேள்வியும் இல்லை. யாரோ கேட்டார்கள், உங்களுக்குச் சட்டென்று வாய் வரவில்லை, அவ்வளவுதான். விடுங்கள்.

"பழகத்தான் போனேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். நாய் வாலாட்ட வேண்டும், கையை நக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பும்போது மனசு நிறைந்திருக்க வேண்டும். கேட்பதெல்லாம் உங்களுக்காகத்தானே தம்பி? அந்த நாய்க்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. காலடியில் ஈரமில்லாத, நாற்றமில்லாத இடம் வேண்டும். முந்தைய நாயின் நோய் தனக்கு வராமல் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் கொடுக்கிற வேலையைத்தான் உங்களிடம் தந்திருக்கிறார்கள். அதைப் போய் மட்டமாக நினைக்கிறீர்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் வயதில் ஒரு காப்பகத்தில் சில மாதங்கள் வேலை செய்தேன். சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்ட அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: முதலில் குட்டிகள் அறை, அப்புறம் பெரிய நாய்கள், கடைசியில் நோய்க் கூண்டுகள். காரணம் சொன்னாரா, நான்தான் காதில் வாங்கவில்லையா, தெரியவில்லை. ஒருநாள் அக்கா வரத் தாமதமானது. கஷ்டமான வேலையை முதலில் முடித்துவிட்டு, ஆசை தீரக் குட்டிகளோடு இருக்கலாம் என்று வரிசையை மாற்றினேன். நோய்க் கூண்டுகளைக் கழுவி முடித்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினேன். நன்றாகவே கழுவினேன். அதே ரப்பர் செருப்போடு குட்டிகள் அறைக்குள் போனேன்.

ஏழு குட்டிகள். எட்டு வாரம் இருக்கும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள ஒன்று என் செருப்பு வாரைக் கவ்வி இழுத்து, பின்னங்கால் சறுக்கி விழுந்து, மறுபடியும் எழுந்து வந்து இழுத்தது. நான் காலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் அந்தக் குட்டி பால் குடிக்கவில்லை. மறுநாள் ரத்தக் கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வாரத்துக்குள் ஐந்து குட்டிகள் போய்விட்டன. பார்வோ என்கிற வைரஸ் நோய். அக்கா என்னைத் திட்டவில்லை. கடைசிக் குட்டியைப் புதைத்த அன்று ஒரு வாளியைக் கையில் கொடுத்து, "அந்த அறையை நீயே கழுவு" என்றார். எப்படிக் கழுவ வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அதை உங்களுக்கும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

நாய்களின் பார்வோ வைரஸ் 1978-இல்தான் கண்டறியப்பட்டது. இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்போ சானிடைசரோ அதைக் கொல்லாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ப்ளீச் கொல்லும், ஆனால் மலம் ஒட்டியிருக்கும் தரையில் ஊற்றினால் ப்ளீச்சின் வீரியம் அங்கேயே செத்துவிடும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும். சிறுநீரின் மேல் நேராக ப்ளீச் ஊற்றினால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும், அதற்காகவும் முதலில் அலச வேண்டும். பிறகுதான் ப்ளீச் கலந்த தண்ணீர். ஊற்றியதும் துடைத்துவிடக் கூடாது. தரை பத்து நிமிடம் ஈரமாகவே கிடக்க வேண்டும். அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காயவிட்டு, அதன் பிறகே நாயை உள்ளே விட வேண்டும். பூனைகள் இருக்கும் பக்கம் பினாயிலை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அதிலுள்ள பீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது, பாதத்தில் பட்டதை நக்கினாலே விஷம்.

தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. ஒரு கட்டத்தில் அந்தச் சக்தி நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த இடைவெளியில் குட்டிக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது உங்கள் கையிலிருக்கும் பிரஷ்தான். புதிதாக வந்தவரைக் குட்டிகளைத் தொட விடாததற்கும் இதுதான் காரணம். உங்களைப் பிடிக்காமல் இல்லை.

வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இன்னும் 28 மணி நேரம் இருக்கிறது. போவதென்று முடிவு செய்தால் செருப்பை மாற்றிக்கொண்டு போங்கள்.

அந்தச் செவலை நாயைப் பற்றி ஒன்று. ப்ளீச் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமல்லவா? அந்த நேரத்தில், காப்பகத்தில் கேட்டுக்கொண்டு, அதன் கூண்டுக்குச் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்காருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள், கம்பிக்குள் கையை விடாதீர்கள். அது கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ இன்னும் பயம் போகவில்லை என்று வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போங்கள். தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில். என்றைக்காவது முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும். அப்போதும் திரும்பாதீர்கள். பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்து போய்த் தரையை அலசுங்கள்.