மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார்: எதை வாங்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. பத்து சென்ட் தோட்டத்தில் இரண்டு சென்ட் புல்தரை. டைமர் வைத்த ஸ்பிரிங்ளர், மழை பெய்யும்போதும் தண்ணீர் அடிக்கிறது. கோடையிலோ கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. பொள்ளாச்சிக் கடையில் ஈரப்பத சென்சார் போடச் சொல்கிறார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எதை வாங்கலாம்? பொள்ளாச்சியில் வாங்கிப் பழுதானால் எங்கே புகார் செய்வது?

பதில்: அந்தச் சில நூறு ரூபாய்ச் சரக்கை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை, இரண்டு உலோகக் கால்களை மண்ணில் குத்தி, நடுவில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்ப்பவை. ஈர மண்ணில் மின்சாரம் பாயப் பாய உலோகம் அரிக்கும். நான் வாங்கிய ஒன்றை இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தேன். பச்சை பூத்து, ஒரு கால் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. உரம் போட்டால் உப்பு கூடி, காய்ந்த மண்ணையும் ஈரம் என்று காட்டும்.

கேட்டு வாங்க வேண்டியது கெப்பாசிட்டிவ் வகை. இதில் உலோகம் மண்ணைத் தொடாது. ஒரு பொருள் மின்னேற்றத்தை எவ்வளவு தேக்க உதவும் என்று காட்டும் எண்தான் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது 80 அளவில் இருக்கும். காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரைதான். இந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஈரத்தைக் கணக்கிடுகிறது.

கடைக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இது ஈரத்தைக் காட்டுமா, தண்ணீரை நிறுத்துமா? செல்போனில் எண்ணை மட்டும் காட்டுவது உங்களுக்குப் போதாது. டைமருக்கும், தண்ணீரைத் திறந்து மூடும் 24 வோல்ட் மின் வால்வுக்கும் நடுவில் பொதுக் கம்பியில் (common wire) இணைக்கிற மாதிரி வேண்டும். டைமர் நேரத்துக்கு எழும்பும். மண் ஈரமாக இருந்தால் வால்வு திறக்காது. இரண்டு சென்ட் என்றால் சுமார் 80 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டாலே 400 லிட்டர். தேவையில்லாத ஒரு பாய்ச்சல் நின்றால் அவ்வளவும் கிணற்றிலேயே இருக்கும்.

சென்சாரில் வருகிற சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எண் அதிகம் காட்டினாலும் அதில் ஒரு பங்கு வேருக்குக் கிடைக்காது. அதனால் எந்த எண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற அளவை நீங்களே வையுங்கள். நன்றாக நனைத்து, செம்மண் என்றால் ஒரு நாள், கரிசல் என்றால் இரண்டு நாள் விட்டு எண்ணைக் குறியுங்கள். அப்புறம் தண்ணீர் விடாமல் பாருங்கள். புல்லில் நடந்தால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கிற நாளில் எண்ணை மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணை வைத்தால் சரி.

புல்தரையில் 10 சென்டிமீட்டர் ஆழம், நல்ல வெயில் படுகிற இடம்; ஸ்பிரிங்ளர் தலைக்கு அடியிலோ தென்னை நிழலிலோ வேண்டாம். சுற்றிலும் சேற்றைக் குழைத்து அப்புங்கள். கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தாலும் மண் காய்ந்துவிட்டது என்றே காட்டும். தை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்குமே, அப்போது ஸ்பிரிங்ளர் தண்ணீர் பாதி ரோட்டுக்குப் போகும். விடியலுக்கு முன்னே ஓட விடுங்கள். செடிகளைச் சொட்டுநீருக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்றால், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய கையடக்க ஈரப்பதங்காட்டி இருக்கிறது. நீலம், பச்சை எரிந்தால் தண்ணீர் வேண்டாம். ஆரஞ்சு எரிந்தால் விடலாம். சிவப்பு எரிந்தால் உடனே விட வேண்டும். வால்வை நீங்கள்தான் திறக்க வேண்டும்.

புகாருக்காகப் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பாருங்கள். மாடல் எண் போட்ட ஜிஎஸ்டி பில்லை வாங்காமல் மட்டும் கடையை விட்டு இறங்காதீர்கள்.