நகைக்கு ஆறு லட்சமா?

கேள்வி: மேடம், 2011-ல் எனக்குக் கல்யாணம். ஒன்றரை வருஷமாக நானும் ஆறாவது படிக்கும் மகளும் முலுண்ட் ஃப்ளாட்டில், அவர் தாணேயில். இருவரும் சம்மதித்தே பிரிகிறோம். மொத்தம் 20 லட்சம் என்று ஒரு தாள் எழுதித் தந்திருக்கிறார். அதில் அவர் லாக்கரில் இருக்கும் என் 32 பவுனுக்கு 6 லட்சம் போக, கையில் 14 லட்சம். ஃப்ளாட்டும் லோனும் இருவர் பெயரிலும் உள்ளன. முன்பணத்தில் 8 லட்சம் அப்பா கொடுத்தது. என் பங்கை எழுதித் தந்துவிட வேண்டுமாம், மகளுக்கென்று தனியாகக் கேட்கக் கூடாதாம். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. கையெழுத்துப் போடலாமா?
— பெயர் வேண்டாம், முலுண்ட்

பதில்: பேனாவை மூடி வையுங்கள், அம்மா. அந்த 6 லட்சம் உங்கள் கல்யாணச் சமயத்துத் தங்க விலை. அதற்குப் பிறகு தங்கம் ஏறியது அவர் காதில் மட்டும் விழவில்லை போலிருக்கிறது. விலை கிடக்கட்டும், நகை இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. அது ஸ்ரீதனம், அதாவது பெண்ணுக்கே உரிய சொத்து. யார் லாக்கரில் இருந்தாலும் உங்களுடையது என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பொருளை உங்களிடமே தந்துவிட்டு ஜீவனாம்சம் என்று பெயர் வைக்கிறார். கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து, ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

கல்யாணத்துக்குப் பின் வாங்கியதில் பாதி மனைவிக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி இல்லை. பத்திரத்தில் யார் பெயர், யார் பணம் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் இன்றே ஊருக்குப் போன் போட்டு, அந்த 8 லட்சம் போன பதிவு அப்பாவின் பழைய பாஸ்புக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பாக்கள் பாஸ்புக்கைத் தூக்கிப் போடுவதில்லை.

பங்கை எழுதிக் கொடுத்தாலும் லோனிலிருந்து உங்கள் பெயர் தானாகப் போகாது. அவர் இஎம்ஐ கட்டத் தவறினால் வங்கி உங்களையும் தேடி வரும். வங்கி உங்களை விடுவித்துக் கடிதம் தரட்டும், அப்புறம் பங்கை விட்டுத்தரும் ரிலீஸ் டீட்.

மகள் விஷயத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பராமரிப்பு அவளுடைய உரிமை, அதை விட்டுத்தர உங்களுக்கே அதிகாரம் இல்லை.

சரி, எவ்வளவு கேட்பது? அவர் சம்பளம், பி.எஃப்., முதலீடு தெரியாமல் நான் என்ன தொகை சொல்ல? ஜீவனாம்ச வழக்கென்று போனால் இருவருமே சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட்டின் 2020 தீர்ப்பு. அதே படிவத்தை இப்போதே இருவரும் நிரப்புங்கள். உங்கள் டியூஷன் வருமானம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், ஜிபே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிந்து பதினெட்டு மாதம் ஆகிவிட்டதால், சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்குப் பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும்படி பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். சுப்ரீம் கோர்ட்டின் 2017 தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது. முதல் மனுவன்று ஒரு பகுதி, கடைசி நாளன்று நீதிபதி முன் மீதிக்கு டி.டி. என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏமாற்றுகிறவர் இல்லை என்கிறீர்களே, அப்படியானால் டி.டி. எடுக்க அவருக்கு என்ன சிரமம்? உங்கள் வங்கிக் கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே பெயரில் எடுக்கச் சொல்லுங்கள்.