பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. அடுத்த வாரம் என் முதல் ஊசியைப் போட வேண்டும், இப்போதே கை நடுங்குகிறது. என்ன செய்வது?

நடுங்கினால் நடுங்கட்டும் தம்பி. ஊசி பிடிக்காத கையால் நோயாளியின் தாடையை அழுத்திப் பிடித்துக்கொள், பாதி நடுக்கம் அடங்கிவிடும். என்னைக் கவிழ்த்தது நடுக்கம் இல்லை, இரக்கம்.

நான் முதலில் போட்டது கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கான நரம்பு பிளாக், அதாவது பல்லுக்குப் போகும் நரம்பை மரக்க வைக்கும் ஊசி. ஹாஸ்டலில் வாழைப்பழத்தில் குத்திக் குத்திப் பழகியிருந்தேன். வாழைப்பழத்துக்கு எலும்பு கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. வந்தவர் ஒரு தாத்தா. பிபி எல்லாம் பார்த்தாயிற்று. 30 மில்லி பாட்டிலிலிருந்து 2% லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் ஏற்றினேன். (மருந்து நிரப்பிய குழாயைப் பொருத்தும் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சில் படித்தவர்கள் சிரிக்க வேண்டாம், எங்களுக்கு வாய்த்தது அதுதான்.) ஊசி 20, 25 மி.மீ. உள்ளே போய் எலும்பில் தட்ட வேண்டும். பாதி வழியில் தாத்தா கண்ணை இறுக மூடினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே நிறுத்தி மருந்தை விட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து, "மரத்துப்போச்சா தாத்தா?"

"நல்லா மரத்துப்போச்சு கண்ணு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் வந்து ப்ரோப் என்ற மெல்லிய கம்பிக் கருவியை ஈறில் இறக்கினார். தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். மரத்திருந்தது நாக்கு மட்டும். நாக்குக்குப் போகும் நரம்பு வழியிலேயே இருக்கிறது, ஊசி ஆழம் போகாவிட்டால் அதுதான் மரக்கும். அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டாலும் நம்பாதே, ப்ரோப் வைத்துப் பார். பெரியவர்கள் நம் முகம் வாடக்கூடாதென்று "ஆமா" சொல்லிவிடுவார்கள்.

சார் திட்டவில்லை. "எலும்பு தட்டுற வரைக்கும் போம்மா. தட்டினதும் கொஞ்சம் பின்வாங்கி, பிஸ்டனை இழுத்து ரத்தம் வருதான்னு பாரு. ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம்." இரண்டாவது குத்து. இந்த முறை உதடு மரத்தது, பல்லும் வந்தது. இந்த பிளாக் கை தேர்ந்தவர்களுக்கே சில சமயம் பலிக்காது. அதனால் "நீயெல்லாம் டாக்டரா" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது ஊசியே இல்லை, கோட்டா. இத்தனை பல் பிடுங்கினால்தான் கையெழுத்து. ஓபியில் ஆளே வராத கல்லூரியில் எங்கே போய்ப் பிடுங்குவது? அந்தத் தாத்தாவையே மெஸ் அக்காவிடம் சொல்லி, பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்து நான்தான் கூட்டி வந்தேன். பீஸ் கட்டுவதும் நாம், நோயாளி பிடிப்பதும் நாம். வாயைத் திறந்தால் இன்டர்னல் மார்க் போய்விடும்.

கிளம்பும்போது தாத்தா மேல்பல் ஒன்றும் ஆடுவதாகச் சொன்னார். நான் அடுத்த வாரத்துக்குக் குறித்து வைத்திருந்தேன். அதற்குள் என் பேட்ச் பையன் ஒருவன் பஸ் காசோடு பிரியாணியும் வாங்கிக் கொடுத்து அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.