டைட்டனில் யார் சோறு போடுவது? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. ‘டைட்டன் தாண்டவம்’ என்ற பெயரில் ஒரு இராணுவ அறிவியல் நாவல் எழுதி வருகிறேன். 2387-ல் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் நடக்கும் போர்தான் கதை. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். தமிழில் இந்த வகை எழுத்து அரிது என்பதால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று சந்தேகங்கள். ஆங்கில த்ரில்லர்களில் வருவதுபோல் சண்டைக் காட்சிகளை விறுவிறுப்பாக எழுதுவது எப்படி? ஆயுதங்களின் பெயர்களைத் தமிழாக்கத்தான் வேண்டுமா? போரை ரசிக்கவைப்பது பாவம் என்று என் நண்பன் சொல்கிறான். அவன் சொல்வது சரியா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கதையை அனுப்பி அபிப்பிராயம் கேட்பவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் முதல் வரி. திருப்பூர் மெர்ச்சண்டைசர்! நூல் வரவில்லை, டையிங்கில் தாமதம், பட்டன் வேறு நிறத்தில் வந்துவிட்டது, சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும் என்று நாள் முழுக்க போனில் கத்துகிற வேலை. அந்த வேலையில் இருப்பவர் எழுதிய போரில் ஒரு மூட்டைகூட இடம் மாறவில்லை. மூன்று அத்தியாயங்களில் 120 பேர் பாய்கிறார்கள், சுடுகிறார்கள், சாகிறார்கள். ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. ஒருவருக்கும் ஒன்றுக்கு வரவில்லை. போர்க்கதைகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே எனக்குள் இருந்த எரிச்சலுக்கு நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பீரங்கியைப் பீரங்கி என்றும் பல்ஸ் ரைஃபிளைப் பல்ஸ் ரைஃபிள் என்றும் எழுதுங்கள். அதில் பேச வேறொன்றும் இல்லை. பாவ புண்ணியம் பேசும் நண்பரிடம் கலிங்கத்துப்பரணியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் அவர் கண்ணில் படாமல் இருங்கள். நீங்களும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் போர் முடிந்ததும் பேய்கள் உட்கார்ந்து கூழ் காய்ச்சுகின்றன. செயங்கொண்டார் பேய்க்குக்கூட வயிறு வைத்தார். உங்கள் கேப்டனுக்கு அதுவும் இல்லை.

இனி டைட்டன். இரண்டாம் அத்தியாயத்தில் கேப்டனின் உடை கிழிந்து, காற்றழுத்தம் இல்லாமல் அவன் இரத்தம் கொதிக்கிறது. டைட்டனில் கொதிக்காது, தம்பி. அங்கே தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல ஒன்றரை மடங்கு. குளிர்தான் அவனைக் கொல்லும், மைனஸ் 179 டிகிரி. மூன்றாம் அத்தியாயத்தில் அவன் மீத்தேன் ஏரியில் கையெறி குண்டை வீச, தீ வானம் வரை எழுகிறது. எரிய ஆக்ஸிஜன் வேண்டாமா? டைட்டனின் காற்று பெரும்பாலும் நைட்ரஜன். குண்டு வெடிக்கும், ஏரி ஒருமுறை சலசலத்துவிட்டு அடங்கிவிடும். பூமியிலிருக்கும் ஜெனரல் திரையில் தோன்றி ‘சுடு!’ என்றதும் கேப்டன் சுடுகிறான். அந்த ஒரு சொல் ஒளியின் வேகத்தில் போனாலும் சனிக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் விண்கலம் டைட்டனில் இறங்கிப் படம் பிடித்து அனுப்பிவிட்டது. இதெல்லாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். சோம்பேறித்தனத்தைக் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆனால் இந்த மூன்று தப்புகளுக்கு நடுவில் ஒரு நல்ல கதை ஒளிந்திருக்கிறது. அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை, ஏரி ஏரியாகக் கிடக்கிறது. எரிக்கிற ஆக்ஸிஜன் உங்கள் வீரன் முதுகில் மட்டும்தான் இருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து இறக்கியது யார்? தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும்? இதை நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் ஆபீசில் இப்படி ஒரு ஆர்டரை எடுப்பீர்களா?

இந்த வகைக் கதையின் மூதாதை என்று சொல்லத்தக்க ஒன்று 1871-ல் பிரிட்டனில் வந்தது, ‘தி பேட்டில் ஆஃப் டார்க்கிங்’. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி, பொறியாளர் படை அதிகாரி. இந்தியாவில் வேலை பார்த்தவர், 1857-ல் தில்லி முற்றுகையில் பலத்த காயம்பட்டவர். எதிர்காலத்தில் இங்கிலாந்து படையெடுப்புக்கு உள்ளாகித் தோற்பதை ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளிடம் சொல்வதாகக் கதை. அந்தத் தாத்தா என்ன சொல்கிறார் தெரியுமா? ரயிலுக்குக் காத்திருந்தோம், மழையில் நனைந்தோம், சாப்பாடு வந்துசேரவில்லை, எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை அப்புறம்தான் வருகிறது. முற்றுகையில் அடிபட்ட மனிதருக்குப் படை எங்கே தோற்கும் என்று தெரிந்திருந்தது.

1959-ல் ஹைன்லைன் தன் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ வீரர்களுக்கு இயந்திர உடை மாட்டிவிட்டார். அவர் கடற்படை அதிகாரியாக இருந்தவர், காசநோயால் 1934-லேயே ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர், போர்முனையைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எழுதுபவர்கள் எல்லோரும் தங்கள் வீரர்களுக்கு அந்த உடையை மாட்டுகிறார்கள், நீங்களும் மாட்டியிருக்கிறீர்கள். அதற்கு யார் சார்ஜ் போடுவது என்று யாரும் கேட்பதில்லை. வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டிமன் 1974-ல் ‘தி ஃபாரெவர் வார்’ எழுதினார். அவரிடமும் அந்த உடை உண்டு. ஆனால் முதல் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, பயிற்சியிலேயே, குளிரும் அந்த உடையும் சேர்ந்து அவர் ஆட்களைக் கொல்கின்றன. அந்தப் பயிற்சி நடக்கும் கோளுக்கு அவர் வைத்த பெயர் சேரன். புளூட்டோவின் துணைக்கோள் 1978-ல் கண்டுபிடிக்கப்பட்டு அதே பெயரைப் பெற்றது. நம் ஊர்ச் சேரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கிரேக்கப் படகோட்டியின் பெயர். விடுங்கள், எங்கேயோ போய்விட்டேன்.

உங்களுக்கு டைட்டன் எதற்கு என்றுதான் கேட்கவந்தேன். மனிதன் வாழ முடியாத இடத்தில் நடந்த போர் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை சியாச்சின் பனியாற்றை ஒட்டிய சால்டோரோ மலை முகட்டில் ஏறியது. அது தொடங்கிய கதை உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இனிக்கும். பாகிஸ்தான் பனிமலை உடைகளுக்கு ஆர்டர் கொடுத்திருப்பது, இரு தரப்புக்கும் சப்ளை செய்த லண்டன் கடை ஒன்றின் வழியாகத்தான் இந்தியாவுக்குத் தெரியவந்தது என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் வீரர்களுக்கான உடைகளும் கடைசி நேரத்தில்தான் வந்திறங்கின. ஜாக்கெட் ஆர்டரில் தொடங்கிய போர்! இதைத் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுதாமல் சனிக்கோளுக்கா ஓடுவீர்கள்?

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தார். வேலூர்ப் பக்கத்துக் கிராமம், தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருப்பார்கள். லீவில் வந்தால் பிள்ளைகள் நாங்கள் சூழ்ந்துகொண்டு, “மாமா, எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்போம். மாமா மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசுவார். சியாச்சின் போஸ்டில் பனியை உருக்கினால்தான் தண்ணீர், உருக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய். கூடாரத்துக்குள் புகாரி அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கும் மண்ணெண்ணெய். அந்தப் புகையைச் சுவாசித்துச் சுவாசித்துச் சளி கறுப்பாக வரும். ஹெலிகாப்டர் அந்த உயரத்தில் ஒரு நடைக்குச் சில ஜெர்ரிகேன்கள்தான் தூக்கும். வானிலை கெட்டால் அதுவும் வராது. வெறும் கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சைச் சுத்தியலால் உடைப்பார்கள். எங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அடுத்த வீட்டுப் பையனின் அப்பா லடாக்கில் எட்டுப் பேரைச் சுட்டதாக அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். (அவர் பட்டாளத்தில் கிளார்க் என்று பிற்பாடு தெரிந்தது.)

அத்தை மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் மாமா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். சோறு வெந்து ஸ்டவ்வை அணைத்த பிறகுதான் உள்ளே வருவார். திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தில் ஒருமுறை தன் துண்டின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறு முனையைத் தன் பெல்ட்டிலும் கட்டிவிட்டார். வயசுப் பெண் நான், மானம் போனது. பனிவெடிப்பில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்த வேண்டும் என்பதற்காகப் ரோந்து போகும்போது அங்கே எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த மனிதர் ஒரு எதிரியைக்கூட நேருக்கு நேர் பார்த்ததில்லை. சியாச்சினில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் குண்டு பட்டு இறந்தவர்கள் அல்லர். 2003 நவம்பரிலிருந்து அங்கே சண்டைநிறுத்தம். அதற்குப் பிறகும், 2016 பிப்ரவரியில், சோனம் போஸ்டில் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், அவரும் தில்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

“வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!” என்பது அந்த ரெஜிமென்டின் போர்முழக்கம். மாமா அதைச் சொல்லிக் காட்டும்போது வீடே அதிரும். உங்கள் கதையில் அந்த முழக்கம் மட்டும் இருக்கிறது, ஜெர்ரிகேன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபம்தான். “தீபாவளி வாணவேடிக்கைபோல் ஷெல்கள் வானை நிறைத்தன” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள். உங்களைப் படிப்பவர்களில் 2009-ல் முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் கிடந்தவர்கள் இருப்பார்கள். கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இரவு வேலை முடித்து வந்து போனில் தமிழ் படிக்கிறவர்கள் அவர்கள். ஷெல் எப்படி வரும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டியதில்லை. இன்றும் மே மாதம் அந்த நாட்களை நினைவுகூர அவர்கள் காய்ச்சுவது கஞ்சி, கடைசி நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த அதே கஞ்சி. அந்த வரியை எடுத்துவிடுங்கள். மாற்றி எழுத வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

திட்டியது போதும். உங்களிடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில், செத்துப்போனவனின் ஹெல்மெட்டுக்குள் அவன் தங்கை அனுப்பிய குரல் செய்தி மறுபடி மறுபடி ஓடும் அந்த அரைப் பக்கம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்யவில்லை நான். எங்கள் மாமா கடிதங்களில் முகவரி ‘56 ஏபிஓ’ என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும், ஆள் எந்த மலையில் இருக்கிறார் என்று அத்தைக்குத் தெரியாது. கையில் கிடைக்கும்போது அந்தக் கடிதம் எழுதி எத்தனையோ நாளாகியிருக்கும். நலம் என்று எழுதியிருப்பதை நம்பவா வேண்டாமா என்று தேதியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹால்டிமனின் வீரன் சில மாதம் போரிட்டுத் திரும்பினால் பூமியில் பல ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும். ஒளிவேகத்தை நெருங்கிப் பறப்பவனுக்கு நேரம் மெதுவாக ஓடும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு தெரியாமலே அத்தைக்கு அது புரிந்திருக்கும். உங்கள் நேரலை ஜெனரலைத் தூக்கிவிட்டு அந்தத் தங்கையை அங்கே உட்காரவையுங்கள்.

சண்டைக் காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அல்லவா? நாவலுக்கு ஒன்று போதும், அதை நாலாவது அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜன். 120 பேருக்கு 100 கிலோ, ஓடிச் சண்டை போட்டால் இன்னும் கூடும். டைட்டனின் பாறையே தண்ணீர்ப் பனிதான். அதை உருக்கிப் பிரித்தால் ஆக்ஸிஜன் கிடைக்கும், அதற்கு மின்சாரம் வேண்டும். சூரிய ஒளி அங்கே பேருக்குத்தான், எனவே ஒரு அணு உலை. அந்த உலையை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் எதிரியைச் சுடவே வேண்டாம். அந்த உலைக்கு வரவேண்டிய ஒரு வால்வு தப்பான சைஸில் வந்து இறங்கட்டும். அதை ஆர்டர் செய்தவனின் கோணத்தில் எழுதுங்கள், விறுவிறுப்பு தானாக வரும்.

ஸ்டோர் கணக்கையும் முதல் அத்தியாயத்தையும் திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். தலைப்பை மாற்ற வேண்டாம், அது எனக்குப் பிடித்திருக்கிறது.